கதவு திறக்கிறது

தணிகாசலம் ஏறிய லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. "கதவு திறக்கிறது, பார்த்து இறங்கவும்" என்றது குரல். விளம்பரக் கம்பெனி மூலம் அவரே பேசிக் கொடுத்த குரல்தான். கதவு திறக்கவில்லை. அவசர பட்டனை அழுத்தியதும் கீழேயிருந்து வாட்ச்மேன் ஸ்பீக்கரில் பேசினார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்பா. மூச்சு முட்டுது."

"அட, ரேடியோ தணிகாசலம் சாரா! இப்படித்தானே தினமும் யாருக்காவது போன் போட்டு ஏமாத்துவீங்க? எங்கிட்ட நடக்காது."

"சத்தியமாப்பா. நெஞ்சு வலிக்குது."

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிடுவது கேட்டது.

"சார், பேசுறது நீங்கதான்னு இவ நம்ப மாட்டேங்கிறா. அந்த நெஞ்சுவலியை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

தணிகாசலம், பழக்க தோஷம், தொண்டையைச் செருமிக்கொண்டார்.