நாற்பதாம் நாள் சோறு

செம்பூரில் வக்கீல் சாருலதாவின் அறையில் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. புரை விழுந்த கண்ணுக்கு அது பாலாய்க் கலங்கித் தெரிய, மைமூன் மடியிலிருக்கும் தூக்குச்சட்டியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். தாராவியில் ஹனீப் பாயின் பை பட்டறையில் வேலை பார்த்தபோது எடுக்காமல் விட்ட லீவுகளுக்குச் சம்பளம் வந்தால்தான் அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன். “கேஸ் போடற கெடு போன வாரமே முடிஞ்சுடுத்தும்மா. கையெழுத்துப் போட வாங்கோன்னு எத்தனை தடவை கூப்ட்டேன்!” என்கிறாள் சாருலதா. “பாயோட வாப்பா மவுத்தாயிட்டாவ. நாப்பது கழியாம துக்க வீட்டு மேல எப்படிம்மா கேசு போடுதது?” சாருலதா பேனாவைத் திறக்கிறாள். “தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்டுப் பாக்கலாம். செத்தது உங்க மனுஷா இல்லியேன்னு கோர்ட்டுல சொல்லிடுவா.” “பாய்தாம்மா சொன்னாரு, நாப்பது கழியட்டும் லாத்தா, பேசிக்கிடலாம்னு.” பேனா காகிதத்துக்கு மேலேயே நிற்கிறது. “கெடு முடிஞ்ச மறுநாளே அவரோட வக்கீல் எனக்கு போன் பண்ணிச் சிரிச்சார்” என்று சாருலதா மெல்லச் சொல்கிறாள். மின்விசிறி கடகடக்கிறது. இன்று மதியம் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் பாய் தன் கையாலேயே அள்ளிவைத்த நெய்ச்சோறு மைமூனின் மடியில் இன்னும் சுடுகிறது.