மூன்றாவது அறை

கோடைப் பயணத்துக்கு அறை பிரித்து நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கவனிக்கிறார். பழக்கதோஷத்தில் மூன்றாவது அறையில் தன்னோடு மனைவியையும் எழுதியிருக்கிறார். அவள் அக்கா வீட்டுக்குப் போய் நாலு மாசமாகிறது. குழுவில் மட்டும் இன்னும் இருக்கிறாள். எப்போ வருவே என்று கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்பாள். மதிய வெயில் அலமாரிக் கண்ணாடிகளைத் தாண்டி மேசையில் வட்டவட்டமாய் விழுகிறது. ஃபோன் அதிர்கிறது. எந்த ஊர் என்பதில்தான் குழுவில் இன்னும் சண்டை. "கடல் இல்லாததெல்லாம் ஒரு ஊராடா?" என்கிறான் நெட்டை. "உனக்கென்ன, நடுக்கடல்ல நின்னாலும் முழங்கால்தான் நனையும். எனக்கு மழை பெய்யற ஊரு போதும்," என்கிறாள் டீச்சர். மூன்றாவது அறையைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை. ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிற கை, ஒரே வில்லையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது. "தப்பா போட்டுட்டேன், எனக்குத்தான் முதல்ல கண்ணாடி மாத்தணும்" என்று எழுதுகிறார். அனுப்பாமல் அழிக்கிறார். "நீ வர்றியா?" என்று அனுப்புகிறார். யாரை என்று யாரும் கேட்கவில்லை. கடல், மழை எல்லாம் அப்படியே நின்றுவிடுகின்றன. மனைவி எழுதுவதாகத் திரை காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது. விரலிடுக்கில் வில்லை சூடாகிறது.

"இல்லைங்க. ஊருக்கும் வரல, வீட்டுக்கும் வரல."