போத்தலோட போன மச்சான்

"உம்மா! இன்பாஸ் மச்சான் களவா நோன்பை முறிக்கிறாரு!"

அரிசி கழுவிக்கொண்டிருந்த உம்மா என்னை முறைத்தா. "வாயை மூடு புள்ள. மூத்த மகளைக் கட்டி ரெண்டு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள மாப்பிள்ளை மேல பழியா?"

"பழி இல்ல உம்மா, கண்ணால கண்ட! ஒவ்வொரு நாளும் பகல் ளுஹர் தொழுதிட்டு வந்து, இடுப்புச் சாரனுக்குள்ள தண்ணிப் போத்தலை ஒளிச்சுக்கிட்டு றிஸ்கான் காக்காட ரூமுக்குள்ள போறாரு. கதவைச் சாத்துறாரு. வெளிய வரக்குள்ள போத்தல் காலி!"

என் அண்ணன் றிஸ்கான் காக்கா பயிற்சி ஒன்றுக்குக் கொழும்பு போய் ரெண்டு வாரம். அந்த ரூமில் மனிசருக்கு என்ன வேலை?

"சுகமில்லையோ தெரியாது" என்றா உம்மா.

"சுகமில்லாட்டிச் சொல்லிட்டுக் குடிக்கலாமே!"

என் அக்கா, கமீலா தாத்தா, அழத் தொடங்கிட்டா. "ஊருக்குத் தெரிஞ்சா நான் எப்பிடி வெளிய இறங்குற?"

எனக்கென்றால் ஒரே குஷி. பள்ளியில் முதல் வரிசையில் தொழுகிற ஆள், இன்றைக்கு என்னிடம் வசமாக மாட்டப் போறார்!

ளுஹர் முடிந்தது. மச்சான் உள்ளே போனார். மூன்று பேரும் பின்னால் போய்க் கதவைத் தள்ளினோம்.

மச்சான், காக்கா வளர்க்கிற பாலைவனப் பல்லியின் பெட்டிக்கு மேல் குனிந்து, மணலில் செருகியிருந்த குழாய்க்குள் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அல்லாஹ்வே! பாலைவனத்துப் பல்லிக்குத் தண்ணியா மகன்?" என்றா உம்மா.

"மேல் மணல் காய்ஞ்சுதான் இரிக்கணும் மாமி. ஆனா அது படுக்கிற பொந்துக்குள்ள ஈரம் வேணும். இல்லாட்டித் தோல் உரியாம இறுகி, விரலெல்லாம் அழுகிப் போயிரும்."

"அதை ஏன் ஒளிச்சுச் செய்யிறீங்க?" தாத்தா கண்ணைத் துடைத்தா.

மச்சான் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மறுபடி குழாயில் தண்ணி ஊற்றினார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. காக்காட வீடியோ கோல்.

"பல்லியைக் காட்டு நுஸ்ரத்!"

காட்டினேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! விரல் நுனி வரைக்கும் தோல் உரிஞ்சிரிக்கி!" காக்கா அங்கே துள்ளினார். "பொந்து காயாமப் பாரெண்டு உன்னை நம்பித்தானே நான் விட்டுட்டு வந்த! ஒரு நாளும் மறக்கல்ல, என்ன?"

 அவர் பஸ் ஏறின அன்றைக்கே நான் அதை மறந்துபோனேன்.

மச்சான் போனுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஓம் றிஸ்கான், ஒவ்வொரு நாளும் நுஸ்ரத்தான் தண்ணி ஊத்துறா."

நோன்போடு அந்த மனிசன் செய்த ஒரே குற்றம், எனக்காகச் சொன்ன அந்தப் பொய்தான்.