இரண்டுக்கு இரண்டு

"இன்னா மேடம், ரெண்டுக்கு ரெண்டா? அந்த வயல்ல எருமை நின்னாலே முட்டி வரைக்கும் எறங்குது. நாப்பது டன்னு நிக்குமா?"

ஃபோர்மேன் பச்சையப்பன் கேட்டதும் சைட் இன்ஜினியர் நர்மதா கையிலிருந்த நோட்டை மூடினாள்.

பொன்னேரி தாண்டி, ஆற்றை ஒட்டிய நெல்வயலில் பாலம் வேலை. புதுப் பாலத்தின் இரும்பு உத்திரங்களை இணைத்து முடிக்கும்வரை அவற்றைப் பிடித்துக்கொள்ள வயலில் தற்காலிகத் தாங்கிகள் நிற்க வேண்டும். தாங்கியின் கால் சேற்றில் புதையாமலிருக்க, அடியில் கனமான மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கி, போல்ட் போட்டு ஒரு தளம் செய்வார்கள். சைட்டில் அதற்குப் பெயர் மேட். ஒரு காலுக்கு ஒரு மேட்; நோட்டில் இருந்த அளவு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். ஒரு காலில் நாற்பது டன் பாரம். நாளைக்கு மேட் போட்டாக வேண்டும். மறுநாள் உத்திரம் ஏறும்.

"அடியில என் ஆளுங்க எட்டு பேரு நின்னுகினு வேலை செய்வாங்க மேடம். சொல்லிட்டேன்."

"அது எனக்கும் தெரியும்ணா. இன்னிக்கு டாக்டர் வர்றாரு. அவர்கிட்ட இதைக் காட்டிடறேன்."

"இதையா காட்டப் போறீங்க? கிழிச்சி தோரணம் கட்டிடுவாரு."

டாக்டர் வீரராகவன் பாலங்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். சென்னையிலிருந்து வரும் ஆலோசகர். அவருடைய விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்கள் இரண்டாம் வரிக்கு இறங்கி, அங்கும் இடம் போதாமல் பின்பக்கம் போயிருந்தன.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. ஷூ புதிது என்பதால் வயல் ஆய்வு கன்டெய்னர் ஆபீஸின் ஜன்னல் வழியாகவே நடந்து முடிந்தது. இளநீர் வந்தது. நர்மதா நோட்டை நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"மேட் டிசைன் சார். நீங்க ஒரு தடவை பார்த்துட்டா எங்களுக்குத் தைரியமா இருக்கும்."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். சிரித்தார். வாசலில் நின்ற பச்சையப்பனையும் சிரிக்கச் சொல்வதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"எந்தக் காலேஜ் நீ?"

"திருவள்ளூர் பக்கம் சார்."

"தெரியுது. சதுர மீட்டருக்குப் பத்து டன் தாங்கும்னு எழுதியிருக்கே. இங்க என்ன, செம்மண் மேடா? ஜன்னல் வழியா பாரு. களிமண்ணும்மா! அஞ்சு டன் தாங்கினா பெரிய விஷயம்."

நர்மதா ஜன்னல் வழியே பார்த்தாள். ஆறு மாதமாக அவள் இறங்கி ஏறும் வயல்தான்.

"அடுத்தது, ஒத்தை அடுக்கு. கால் நடுவுல அமுக்கும், கட்டை வளையும், ஓரமெல்லாம் சும்மா தூக்கிக்கிட்டு வேடிக்கை பார்க்கும். பாரம் எங்கேருந்து பரவும்? இதைக் கணக்குன்னு எழுத வெக்கமா இல்லை?"

"நீங்களா இருந்தா என்ன அளவு சார் குடுப்பீங்க?"

"குடுப்பேனாவா? குடுத்திருக்கேன்மா! என் டிராயிங்கைப் பிரிச்சாவது பார்த்தியா?"

"பார்த்தேன் சார். ஆளுங்களுக்குப் புரியற மாதிரி இதுலயே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்."

டாக்டர் சிவப்புப் பேனாவைத் திறந்தார். இரண்டுக்கு இரண்டை அடித்தார். மூன்றுக்கு மூன்று, இரண்டு அடுக்கு, மேலடுக்கு குறுக்காக, என்று எழுதினார். கை ஓடியது. 'இது உயிருக்கு ஆபத்தான டிசைன். இதைச் செய்தவரை இனி பாலம் பக்கமே விடக்கூடாது' என்று கீழே சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். பையிலேயே வைத்திருக்கும் ரப்பர் ஸ்டாம்பையும் எடுத்து ஓங்கிக் குத்தினார்.

"நான் வரலைன்னா என்ன ஆகியிருக்கும், யோசிச்சியா?"

"யோசிச்சேன் சார்."

கார் போனதும் பச்சையப்பன் உள்ளே வந்தார். நிம்மதியும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"பெரியவரு புண்ணியத்துல என் ஆளுங்க பொழைச்சாங்க. ஆனா மேடம், மூணுக்கு மூணு, ரெண்டு அடுக்குன்னா கட்டை நாலு மடங்குக்கு மேல வேணுமே. நாளைக்குள்ள எங்க போறது?"

"மரக்கடை ஹயாத் பாஷா பாய் லாரி பொன்னேரி தாண்டிடுச்சுண்ணா."

"அவரு இப்பத்தான சொன்னாரு?"

"நான் நேத்தே சொல்லிட்டேன்."

பச்சையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப தெரிஞ்சுகினேதான் தப்பா எழுதினீங்களா? பேசாம அவரு டிசைன்படியே போயிருந்தா இந்தப் பேச்சு வாங்கணுமா?"

நர்மதா சிவப்பு மை காய்ந்த பக்கத்தை மொபைலில் படம் எடுத்து ஹெட் ஆபீஸுக்கு அனுப்பினாள்.

"அந்த ரெண்டுக்கு ரெண்டே அவரு டிசைன்தாண்ணா. தப்புன்னு ஹெட் ஆபீஸுக்கு மூணு லெட்டர் போட்டேன், 'டாக்டர் கையெழுத்திட்டதில் பிழை இருக்காது'ன்னு மூணு பதில் வந்துச்சு. அதான் ஒரு நம்பரைக்கூட மாத்தாம என் கையெழுத்துல எழுதிக் காட்டினேன்."