இன்னொரு டெஸ்ட்

"நெகட்டிவ்னு வந்துட்ச்சுக்கா. கதவைத் தொறங்க, பாத்திரம் அப்படியே கெடக்கும்."

மாடம்பாக்கத்தில் சரோஜினியின் ஃப்ளாட் வாசலில் நின்றாள் தபீதாள். பல வருஷமாக அங்கேதான் வீட்டு வேலை. காலையில் போனில் பேசும்போது இரண்டு தரம் இருமிவிட்டாள். "ஃப்ளூவா இருக்கும், முதல்ல லேபுக்குப் போ" என்று அனுப்பிவிட்டாள் சரோஜினி.

கிரில் கேட் திறக்கவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு, உள்ளே தள்ளி நின்றபடியே சரோஜினி கேட்டாள்.

"என்ன டெஸ்ட் எடுத்தாங்க?"

"மூக்குல குச்சி வுட்டாங்க. கால் மணி நேரத்துல சொல்லிட்டாங்க."

"அது ரேப்பிட். அதை நம்ப முடியாது. லேப்ல சொல்லிடறேன், போய் பிசிஆர் எடுத்துக்கோ. ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கே வராதே. உன் தங்கச்சி குழந்தையையும் தூக்காதே."

கதவு சாத்திக்கொண்டது.

எதிர் ஃப்ளாட் காந்திமதி எட்டிப் பார்த்தாள். "ஒரு இருமலுக்கா இப்படி வாசல்லயே நிக்க வைப்பாங்க? காலேஜ்ல பாடம் எடுத்து என்ன புண்ணியம்!"

தபீதாளுக்கு அழுகை முட்டியது.

லேபில் காலையில் மூக்கில் குச்சி விட்ட மொஹ்சின்தான் இருந்தான்.

"ஒரே மூக்கு. அதுக்கு இன்னாத்துக்குப்பா ரெண்டு டெஸ்ட்டு?"

"ரேப்பிட்ல பாசிட்டிவ்னா அநேகமா சரியா இருக்கும்க்கா. நெகட்டிவ்னாதான் சந்தேகம். கிருமி கம்மியா இருந்தா அதுக்குத் தெரியாது. பிசிஆர் கொஞ்சூண்டு இருந்தாலும் பெருக்கிக் காட்டிடும். ஆனா நாளைக்குத்தான் ரிசல்ட்."

அன்று வீட்டில் தங்கச்சி சினேகாவின் குழந்தை வீறிட்டு அழுதபோதும், தபீதாள் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தூக்கவில்லை.

மறுநாள் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ்.

நேராக மாடம்பாக்கம் போனாள். கதவு திறந்ததுமே கொட்டிவிட்டாள்.

"இதுலயும் ஒண்ணும் இல்லக்கா. சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். வேற ஆளைப் பாத்துக்குங்க. என்னைப் பாத்தாலே ஒட்டிக்கும்னு பயப்படற வூட்ல என்னால வேலை செய்ய முடியாது."

சரோஜினி கிரில்லைப் பிடித்துக்கொண்டாள். "இல்லையா? நிஜமாவா? அப்பாடா..."

மேலே பேச முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. விடாத இருமல்.

"இன்னாக்கா இது!" தபீதாள் பதறி முன்னால் வந்தாள்.

"கிட்ட வராதே! ஃப்ளூ எனக்குத்தான். எனக்கும் முதல்ல ரேப்பிட்ல இல்லைன்னுதான் வந்துது. அதை நம்பி உன்கூட உட்கார்ந்து காபி குடிச்சேன். அப்புறம் பிசிஆர்ல பாசிட்டிவ். உன் வீட்ல குறைமாசக் குழந்தை இருக்கே, என்னால அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு ராத்திரி தூக்கமே இல்ல, தபீதா."

தபீதாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா நீ திரும்பிப் போயிருப்பியா? அக்கா தனியா கெடக்குதேன்னு, கஞ்சி வைக்க உள்ளே வந்திருப்பே!"