மூன்று சிமிட்டல்

குயின் ஸ்ட்ரீட் மாடிவீட்டில் பழைய டியூபைக் கழற்றி எல்இடி மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்குகிறார் வயர்மேன் கிஷன். வீட்டுக்காரர் ஆர்தரிடம் சொல்கிறார்: “இனிமே சிமிட்டாதுலா அங்கிள். தட்டுனா உடனே எரியும்.” சன்னலோரம் முதுகு காட்டித் தைத்துக்கொண்டிருக்கிறாள் ஆர்தரின் மனைவி சிந்தியா. அவளுக்குக் காது கேட்காது. முப்பது வருடமாக அவளைக் கூப்பிட ஆர்தர் விளக்கைத்தான் அணைத்துப் போடுவார். டியூப் மூன்று முறை சிமிட்டி எரியும், அவள் திரும்புவாள். இப்போது சுவிட்சைத் தட்டுகிறார். வெள்ளை வெளிச்சம் ஒரேயடியாக அவள் மடியிலிருக்கும் துணியில் விழுகிறது. ஊசி நிற்கவில்லை. “ஆன்ட்டி திரும்பவே இல்லையே?” என்கிறார் கிஷன். ஆர்தர் சுவிட்சை மூன்று முறை அணைத்துப் போடுகிறார், பழைய டியூப் திணறுவது போலவே, கடைசித் தடவை சற்றுத் தாமதித்து. சிந்தியா திரும்பி, என்ன என்று புருவம் உயர்த்துகிறாள். ஆர்தர் விளக்கைக் காட்டிச் சிரிக்கிறார்.