மாரிட் பார்த்த ஆறு கல்லூரிகள்

இதை எனக்கு முதலில் சொன்னது ஆர்லீன்தான். போன நவம்பரில், சபைச் சமையலறையில், சபை விற்பனைக்காக அவளும் சபைத் தோழி யூனிஸும் நானும் லெஃப்சே என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தபோது.

ஆர்லீன் எங்கள் மினசோட்டா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறுகிறவள். ஒரே மகள் மாரிட், உதவித்தொகை கிடைத்து, இரண்டு நாள் கார் தூரத்தில் வெர்மான்ட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பள்ளியில் கடைசி வருஷம்.

"அவளுக்கு லீவு விடுறப்ப காலேஜும் பூட்டிக் கிடக்குது. யார் யார் வந்து பார்த்தாங்கன்னு அங்க பேர் எழுதி வைக்கிறாங்களாம். பேர் இல்லாட்டி என் பொண்ணுக்கு இடமில்லாம போயிடுமே! அதான் அவளுக்குப் பதிலா நானே கிளம்பிட்டேன்" என்றாள் ஆர்லீன்.

ஒரு வாரம். ஆறு கல்லூரி. ஒவ்வொரு வாசலிலும் வருகைச் சீட்டில் மகள் பெயர், மெயில் முகவரி, கையெழுத்து உட்பட.

"உன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"டுவைட்டா, சொல்லாம இருப்பாரா? 'நாளைக்கு அவ கல்யாணத்துலயும் நீயே போய் மாப்பிள்ளை பக்கத்துல நின்னுக்குவியா'ன்னார்."

கல்லூரியைச் சுற்றிக் காட்டும் மாணவர்கள் பின்பக்கமாக நடந்துகொண்டே பேசுவார்களே, ஆர்லீன் அவர்கள் மூக்கை ஒட்டியே நடந்து குறிப்பெடுத்திருக்கிறாள். ஒரு கல்லூரியில் மாதிரி வகுப்பில் கையைத் தூக்கிப் பதில் சொல்லியிருக்கிறாள். இன்னொன்றில் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைப் பார்க்க உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பின்னால் பதினோரு பிள்ளைகள் வரிசையில்.

"மாணவி எங்கேம்மான்னு ஒரு பையன் கேட்டான். அவ கண்ணும் காதும் நான்தாம்பான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாரிட் போன் செய்தாளாம்.

"அம்மா, இந்த வாரம் முழுக்க எனக்குச் சளி. ரூமை விட்டே நகரல. ஆனா ஆறு காலேஜ் பார்த்துட்டு வந்திருக்கேன்!"

"கண்ணு, உனக்காகத்தான்..."

"வந்ததுக்கு நன்றின்னு ஆறு மெயில். ஒருத்தர் என் வெங்காய ஆராய்ச்சியைப் பாராட்டியிருக்காரு. போதும்மா. எங்க படிக்கணும்னு நான் பார்த்துக்கறேன். இனிமே என் பேர்ல எங்கயும் போகாதே."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் மகளிடமிருந்து பேச்சே இல்லை.

யூனிஸ் பெருமூச்சு விட்டாள். "தூரத்துல விட்டு வளர்த்தா இப்படித்தான். பெத்தவ ஓடி ஓடித் தேயுறா, கொஞ்சமாவது நன்றி இருக்கா? புதன்கிழமை ஜெபக் கூட்டத்துல அந்தப் பொண்ணு பேரைச் சொல்லி, எல்லாருமா ஜெபிப்போம்."

எங்கள் சபையில் ஒரு விஷயம் ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் அதுதான் வழி. நானும் பெரிய பக்தையாட்டம் தலையை ஆட்டினேன்.

ஆர்லீன் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தாள்.

"நேத்து வந்துச்சு. அவதான் அனுப்பியிருக்கா. நான் நாலு தரம் படிச்சுட்டேன். நீயே படி."

மேலே மகள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

"அம்மா, கோபம் போனதும் அந்த ஆறு மெயிலையும் மறுபடி படிச்சேன். ஆறிலயும் ஒரே பதில்: 'நீங்கள் கேட்டபடி, வேலைக்குப் போகிறவர்களுக்குச் சாயங்கால வகுப்புகள் உண்டு.' இந்தக் கேள்வியை நீ எனக்காகக் கேட்கலியேம்மா."

கீழே, பக்கத்து ஊர்க் கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பம். எல்லா இடமும் நிரப்பியிருந்தது. பெயர்: ஆர்லீன். வயது: நாற்பத்தாறு.

கூடவே ஒரு பரிந்துரைக் கடிதம். 'விண்ணப்பிப்பவரை எவ்வளவு காலமாகத் தெரியும்?' என்ற இடத்தில் மாரிட் எழுதியிருந்தாள்: "நான் பிறந்ததிலிருந்து."

யூனிஸ் அடுத்த மாவு உருண்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆர்லீனுக்கு உயிரியல் பரீட்சை. இதைப் படிக்கிறவர்கள் அவளுக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள்.